ஒரு மீட்டர் தூரம்

ஈயக் குடுவையைத் திறக்குமுன்
சட்டையில் பேட்ஜ் இருக்கிறதா என்று
ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன்.
மூன்று மாதத்துக்கொருமுறை அது தபாலில் போகும்;
நான் வாங்கிய கதிரின் கணக்கு
தனியாக வந்துசேரும்.

ஹைகிரவுண்டுக்குப் பின்னால், கடைசிக் கட்டடத்தில்
கனத்த கதவு போட்ட அறை.
உள்ளே பிரகாசி.
கூத்தங்குழிக்காரி, வயசு முப்பத்தொன்று.
கழுத்து மடிப்போடு மடிப்பாக ஒரு தழும்பு.
தைராய்டை எடுத்தாயிற்று.
ஒட்டிக்கொண்ட மிச்சத்தைத் தேடிப் போக
ஒரு மாத்திரை.

"பதினஞ்சு நாளா மீனு இல்ல, கருவாடு இல்ல,
பாக்கெட் உப்பு இல்ல.
மீன் விக்கவ வீட்ல கத்திரிக்கா கொதிக்கி அண்ணாச்சி."
பட்டினி போட்டால்தான்
அந்தச் செல்கள் அயோடினைக் கண்டதும் பாயும் என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"ஓ, இரை."
நாலு வருஷம் படித்ததை
இரண்டு எழுத்தில் முடித்துவிட்டாள்.

இடுக்கியால் நீட்டினேன். விழுங்கினாள்.
நான் கதவுக்கு வெளியே வந்துவிட்டேன்.

இன்டர்காமில் கேட்டாள்:
"பேரு வேற பிரகாசி. ராத்திரி மின்னுவனா?"
"மின்ன மாட்டீங்க."
"பெறவு எப்படித் தெரியும்?"
"இந்தப் பெட்டி கத்தும்."
"அப்ப தீட்டுன்னு சொல்லுங்க."
தீட்டு குளித்தால் போகும்.
இது எட்டு நாளைக்கொருமுறை பாதியாகும்,
அந்தப் பாதி மறுபடி பாதியாகும்,
கந்துவட்டிக்கு நேர் எதிர் என்றேன்.
சிரித்தது கரகரவென்று கேட்டது.

எலுமிச்சை மிட்டாய் சப்பச் சொன்னேன்.
கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் விடச் சொன்னேன்.
அது ஆற்றுப் பக்கம் போகாது.
கட்டடத்துக்கு அடியில் தொட்டியில் கிடந்து
மாதக்கணக்கில் ஆறும்.
வீட்டுக்குப் போனபின்
மூணு வயசுப் பயலை இரண்டு வாரம் தூக்கக் கூடாது,
பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது.
இதற்கு மட்டும் பதில் வரவில்லை.

பயப்படாதீங்க என்று சொல்லும்போதெல்லாம்
எனக்கு உச்சிமாகாளி ஞாபகம் வரும்.
கங்கைகொண்டானில் நாங்கள்
குழாய் வெல்டிங்கைப் படமெடுத்த காலம்.
கேபிளிலிருந்து கழன்று விழுந்த துண்டு,
பேனா மூடி அளவுகூட இராது,
பளபளவென்று கிடந்தது. எடுத்துப் பையில் போட்டான்.
சுடவில்லை. நாறவில்லை.
சாயங்காலம் சேர்ந்து டீ குடித்தோம்.
பத்தாம் நாள் தொடையில் தோல் உரிந்தது,
பிறகு விரல்கள்.
இப்போது தாழையூத்தில் டீக்கடை வைத்திருக்கிறான்,
இடது கையால் ஆற்றுகிறான்.
அன்றைக்கு எங்கள் மீட்டரில் பேட்டரி இல்லை.
இதை எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை.

நாலாம் நாள் காலை
தரையில் ஒட்டிய மஞ்சள் கோட்டில் அவளை நிறுத்தி
ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தேன்.
போகலாம் என்றது எண்.
வெளி அலமாரியில் வந்த அன்றைக்கே பூட்டி வைத்த
அவளுடைய பையை, செருப்பை
வழக்கத்துக்குக் காட்டினேன்.
செருப்பு கத்தியது.
டிக். டிக்டிக். டிக்.
மெதுவாகத்தான். ஆனாலும் கத்தியது.

"எறும்பு மாதிரி இருக்கு பாருங்க, அது எங்கூரு கருமணலுலா.
பய நாள் பூரா அதுலதான் வீடு கட்டி வெளாடுதான்."
பிறகு கேட்டாள்:
"அதுகிட்ட எத்தன அடி தள்ளி நிக்கணும் அண்ணாச்சி?"

கொஞ்சந்தான், ஒண்ணும் பண்ணாது என்று
வாய் எதையோ சொல்லியது.
அந்த மணலிலுள்ள தோரியம் பாதியாக
ஆயிரத்து நானூறு கோடி வருஷம் ஆகும்.

படியில் செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டாள்.
கேட்டருகே புருஷன் ஓடி வந்தான்.
"அங்கனயே நில்லும்" என்றாள்.
வேனில் கடைசி சீட்டு முழுக்க அவளுக்கு.

நான் ஒரு காகிதத்தில்
படியில் கிடந்த கருப்பைக் கூட்டி எடுத்தேன்.
மஞ்சள் கூடையா, ஈயப் பெட்டியா,
இல்லை, வாசல் மண்ணா?
அடுத்த நோயாளி வந்து மணி அடிக்கும்வரை
காகிதத்தோடு நின்றேன்.