செவிக்குறி

வட்டு செத்தது ஞாயிறு இரவு.
காதும் காதும் வைத்தாற்போல் செத்தது.
திங்கள் காலை ஒரு பழைய கோப்பைக் கேட்டபோதுதான்
தெரிந்தது.

டோர்ஷாவன் துறைமுகத்துக்கு மேலே
மீன்வள ஆய்வகத்தின் நிலவறை.
எழுபத்திரண்டு காந்த நாடாக்கள்
ரோபோக் கையின் அலமாரியில்
கீறல் இல்லாமல் இருக்கின்றன.
பதினொரு வருடக் கடல்
அவற்றில் சுருண்டு கிடக்கிறது.
எது எங்கே என்று சொல்லும் அட்டவணை மட்டும்
இல்லை.

"அட்டவணைக்குக் காப்பு எடுக்கவில்லையா?"
இயக்குநர் தும்மஸ்.
எடுத்தோம். தினமும், இரவின் கடைசி வேலையாக.
"எந்த நாடாவில்?"
அது
அட்டவணையில் இருக்கிறது.

அவர் திட்டவில்லை.
பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியவளை
யாரும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம்.

இப்படி ஆகும் என்று தெரிந்த யாரோ
நிரலுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள்.
விடியுமுன் ஒரு சிறு மின்னஞ்சல் போகும்:
அட்டவணை இன்ன நாடாவில், இன்ன இடத்தில்.
மூன்று வருடமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது,
யோன்ஹார்டின் முகவரிக்கு.
யோன்ஹார்ட் வேலையை விட்டுவிட்டு
எதிர்த் தீவில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறான்.
அவன் அஞ்சல் பெட்டியை மூடியவள்
நான்தான்.
கையெழுத்துகூட இருக்கிறது.

இனி ஒன்றே வழி.
ஒவ்வொரு நாடாவையும் ஏற்றி
முதலிலிருந்து கடைசிவரை
அதன் வாயாலேயே கேட்பது.
நீ யார்?
உன்னிடம் என்ன இருக்கிறது?
ஒரு நாடா சொல்லி முடிக்க நான்கு மணிநேரம்.

எங்கள் ஆடுகளிடம் வீட்டில் இதைத்தான் செய்கிறோம்.
போன இலையுதிர்காலம், மூடுபனியில்
இரண்டு மந்தை ஒன்றாகிவிட்டது.
என் தம்பி பையில் வைத்திருந்த பட்டியல்
மழையில் கூழாகிப்போனது.
யாரும் பதறவில்லை.
வலக்காதின் நுனி வெட்டு எங்களுடையது,
இடக்காதின் பின்பக்கக் கீறல் ஹோக்னி வீட்டுடையது.
ஒவ்வொன்றாய்ப் பிடித்து, ஈர மயிரை ஒதுக்கி,
விரலால் தடவிப் பார்த்தோம்.
இருட்டுமுன் பிரித்துவிட்டோம்.

நாடாவுக்கும் தலைப்பில் ஒரு வெட்டு இருக்கிறது.
பெயர், தேதி, எந்தக் கணினியின் பிள்ளை என்று.
ஒவ்வொரு துண்டும் அதைச் சுமக்கிறது.
நான்தான் இத்தனை நாள்
ஆட்டை விட்டுவிட்டுப்
பட்டியலையே மேய்த்திருக்கிறேன்.

செவ்வாய். புதன். வியாழன்.
தரையில் உறங்கினேன். காற்றில் உலர்ந்த கறி தின்றேன்.
பத்தொன்பதாம் நாடா பாதியில் இருமியது,
பிறகு பேசவே இல்லை.
அதில் இருந்த ஏப்ரல் மாதத்துக்கு
நான் யாரிடமும் விளக்கம் சொல்லத் தயாராக இல்லை.

பன்னிரண்டாம் நாள்,
ஐம்பத்தெட்டாம் நாடாவின் வால்நுனியில்,
தொலைந்த அட்டவணை வந்தது.
முழுசாக. சனி இரவுவரை.
கொண்டாட ஆளில்லை; அதிகாலை மூன்றரை.
அதையும்
நான் கேட்டுக் கேட்டு எழுதியதையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

என்னுடையது நீளமாக இருந்தது.

மறுபடி ஒப்பிட்டேன்.
பழைய அட்டவணைக்கு
ஏழு வருடம் கடந்ததை மறந்துவிடும்படி உத்தரவு.
யார் இட்டது, தெரியாது. ஒழுங்காக மறந்திருக்கிறது.
அது கைகழுவிய நான்கு நாடாக்கள்
மேலே எதுவும் எழுதப்படாமல்
அலமாரியின் கோடியில், உள்ளது உள்ளபடி.
நான் கேட்டேன்; சொல்லிவிட்டன.

ரன்வாவை எழுப்பினேன்.
காட் மீனின் காதுக்குள் இருக்கும் கல்லை அறுத்து
வளையம் எண்ணி வயது சொல்கிறவள்.
அழிந்துவிட்டதென்று கைவிட்ட படங்கள்
ஆறாயிரத்துச் சொச்சம், என்றேன்.
பதில் இல்லை. கெட்டில் கொதிக்கும் சத்தம்.
பிறகு, "எந்த வருடத்தது?" என்றாள்,
குரல் சரியில்லாமல்.

இப்போது அந்த மின்னஞ்சல்
மூன்று முகவரிக்குப் போகிறது.
நான்காவதாக அச்சுப்பொறிக்கும்:
எந்த நாடா, எந்த இடம்,
காகிதத்தில், கெட்டி எழுத்தில்.

இன்று காலை முதல் தாளை எடுக்கப் போனேன்.
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
தட்டில்
காகிதம் இல்லை.