மிச்சம் மூன்று

புளியரை எடைமேடை அறையில்
யூபிஎஸ் ஏழு நிமிடம் தாங்கும்.
என் லூப்புக்குப் பதினொன்று வேண்டும்.
ஆனிச் சாரல் ஆரியங்காவு வழியாக இறங்கினால்
முதலில் போவது கரண்ட்,
பிறகு என் ஐந்து வருடக் கணக்கு.

வியாழன் நள்ளிரவோடு வெட்டிய கோப்பு.
பதினான்கு லட்சத்து மூன்று சீட்டு.
ஒவ்வொன்றாகப் பிரித்து, வெறும் வண்டி எடை கழித்து,
சரக்கை மொத்தத்தில் சேர்க்க வேண்டும்.
வெள்ளிக்கிழமை, யார் செய்த புண்ணியமோ,
கரண்ட் போகவே இல்லை.
கிடைத்த மொத்தத்தைச் சுவரில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

ஆனால் தினமும் வெள்ளிக்கிழமையா?
பெட்டிக்குள் நான்கு கோர் இருக்க
ஒன்று உழைக்கிறது, மூன்று கைகட்டி நிற்கிறது.
நான்கு இழை திறந்தேன்.
இழை என்கிறோம், எந்தத் துணியும் ஆகாது இது.
ஆளுக்கு மூன்றரை லட்சம்,
மொத்தம் மட்டும் பொது.

மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது!
சங்கிலிபூதம் அண்ணன் பிளாஸ்க்கைத் திறந்து
எனக்கும் ஊற்றினார்.
சுவரைப் பார்த்தேன். ஒன்பது வண்டி குறைகிறது.
மறுபடி ஓட்டினேன். பதினான்கு.
மறுபடி. ஆறு.

கூட்டு என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறோம்.
உள்ளே அது மூன்று வேலை:
எடுத்துப் பார், கூட்டு, திருப்பி வை.
ஒருவன் எடுத்துத் திருப்பி வைப்பதற்குள்
இன்னொருவனும் அதே எண்ணை எடுத்திருக்கிறான்.
பின்னால் வைத்தவன் சொன்னதே மொத்தம்.
முன்னால் வைத்தவனின் லாரி
மேடையில் ஏறி, இறங்கி, எங்குமே போகவில்லை.

கையும் களவுமாகப் பிடிக்க
வரிக்கு வரி அச்சிடச் சொன்னேன்.
அச்சிட்டால் எண் ஆடாமல் நிற்கிறது.
அச்சை எடுத்தால் மறுபடி திருட்டு.
"ஸ்குவாடு ஜீப் நின்னா
எல்லா வண்டியும் அளவோட வரும்லா, ஜொகரா"
என்றார் அண்ணன், டீயை ஆற்றிக்கொண்டே.

பூட்டு போட்டேன்.
அவசரத்தில் தப்பான இடத்தில்,
சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே.
ஒருவன் உள்ளே, மூவர் வாசலில்.
வெளியே எஸ்-வளைவில் லாரிகளும்
அப்படித்தான் நின்றன,
ஒற்றைக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு.
மூன்றாம் நிமிடம் கரண்ட் போனது.
பத்தாம் நிமிடம் யூபிஎஸ் கடைசியாக ஒரு தடவை கத்தி
அடங்கியது.
இன்னும் ஒரு நிமிட வேலை பாக்கி.

விளக்கு வந்ததும் பூட்டைப் பிடுங்கி எறிந்தேன்.
ஆளுக்கொரு தனி நோட்டு.
அவரவர் பங்கை அவரவர் கூட்டட்டும்.
கடைசி ஆள் வரும்வரை நான் காத்திருந்து
நான்கு எண்ணையும் நானே கூட்டுவேன்.

எண் ஆடவில்லை.
பத்துத் தடவை ஓட்டினாலும் அதே எண்.
சுவரில் இருப்பதைவிட
நாற்பத்திரண்டாயிரத்து நூற்றெண்பது கிலோ
குறைந்த அதே எண்.

விடியும்வரை இழைகளைச் சந்தேகப்பட்டேன்.
அவை பாவம், கொடுத்ததைச் செய்தன.
கொடுத்தவள் நான்.
நான்கால் வகுத்தேன்,
மிச்சம் மூன்றை யாரிடமும் சொல்லவில்லை.

கோப்பின் வாலில் கிடந்தன.
கோழித் தீவனம், ஐயாயிரத்து நூற்றிருபது.
எம்-சாண்ட், முப்பதாயிரத்து எழுநூறு.
புனலூருக்கு வைக்கோல், ஆறாயிரத்து முந்நூற்றறுபது,
இரவு பதினொன்று ஐம்பத்தாறு.

அந்த வைக்கோல் வண்டியை எனக்குத் தெரியும்.
சாலையையே அடைத்துக்கொண்டு போனது.
செங்கோட்டையிலிருந்து என் ஸ்கூட்டி அதன் பின்னாலேயே,
முந்த இடமில்லை.
வேலைக்கு வந்து உட்கார்ந்ததும்
முக்காட்டிலிருந்து ஒவ்வொரு துரும்பாக எடுத்துப் போட்டேன்.
சீட்டில் அதன் எடை இருந்தது.
தரையில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

கடைசி இழைக்கு எழுதினேன்:
உன் பங்கோடு,
வாலில் கிடப்பதும் உனக்கே.