இறங்கும்போது சொல்லவும்

ஞாயிறென்றால் எனக்கு மஞ்சள் தொப்பி.
மற்ற ஆறு நாளும் லாரி புக்கிங் ஆபீசில்
இந்தூர் லோடு, நாக்பூர் லோடு,
டீசல் எத்தனை, டோல் எத்தனை என்று எழுதுகிற கை
அன்றைக்கு மட்டும்
சங்ககிரி மலைக்கோட்டையைக் காட்டும்.
சம்பளம் கிடையாது. எலுமிச்சை சர்பத் உண்டு,
உச்சி வரை போய் வந்தால் இரண்டு.

முதல் வாசலில் வரலாறு.
இரண்டாம் வாசலிலும் வரலாறுதான்.
மூன்றாம் வாசலில் எவராவது மூச்சிரைத்துக்கொண்டே
"அந்தக் காலத்து ஆட்சியே தேவலைங்க" என்பார்.
அங்கே பிடித்துக்கொள்ளும் எனக்கு.

கிடங்குக்குள் இருட்டு, வௌவால் நாற்றம்.
"வரியா வந்த நெல்லுங்க இங்க கெடந்தது.
வெளைஞ்சாலும் வரி, வெளையாட்டியும் வரி.
இப்ப மட்டும் என்னங்க,
என்ற லாரி டயருக்கும் உண்டு,
உங்க கையில இருக்கற முறுக்குப் பொட்டணத்துக்கும் உண்டு."
சிலர் சிரிப்பார்கள்.
ஒருத்தர், கோபிப் பக்கம் போல, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை,
"எந்தக் கட்சியில காசு வாங்கறீங்க?" என்றார்.
சர்பத்தான் வாங்குகிறேன் என்றேன்.

நல்லசிவம் கூப்பிட்டனுப்பினார்.
எங்கள் குழுவுக்குத் தலைவர்.
வாரநாளில் ரிக் வண்டி உதிரிபாகம்.
பார்வையாளர் நோட்டை என் பக்கம் திருப்பிப் போட்டார்.
மூன்று பக்கம் என்னைப் பற்றி.
"கோட்டையைக் காட்டச் சொன்னால் கோட்டையைத் திட்டுகிறார்."
எந்தக் கோட்டை என்று எழுதவில்லை.
"வழிகாட்டியா, வேட்பாளரா?"
ஒன்று மட்டும் பச்சை மையில்:
"கருத்து சரியே. ஏறும்போது வேண்டாம், மூச்சு வாங்குகிறது.
இறங்கும்போது சொல்லவும்."

"கல்லைக் காட்டுங்க போதும்.
கல்லுக்கு ஏதுங்க கட்சி" என்றார் நல்லசிவம்.
ஒரு மணி நேரம் வாதாடினேன்.
கிடங்கைக் காட்டி வரியை மறைப்பதா,
கிணற்றைக் காட்டித் தண்ணியை மறைக்கிற மாதிரி?
அவர் டீ சொன்னார். டீ ஆடை கட்டியது.
கடையில் ஆள் வந்து போல்ட் கேட்டது.
சரி போங்க, உங்க இஷ்டம் என்று விட்டுவிட்டார் மனுஷன்.

ஜெயித்த தெம்போடு அடுத்த ஞாயிறு ஏறினேன்.

குமாரபாளையத்திலிருந்து நர்சிங் பிள்ளைகள் ஒரு வேன்.
பின்னாலேயே ஒரு கார்.
கண்ணாடியில் ஒட்டியிருந்ததை
அவர் கதவைத் திறக்கும் முன்பே படித்துவிட்டேன்.
யார்தான் படிக்காமல் இருக்கிறோம் இந்தச் சீமையில்.

ஐந்தாம் வாசல். நிலைக்கல் இரண்டு ஆள் உயரம்.
"இதை இங்க ஏத்துனது யாருங்கண்ணா?"
பேட்ஜில் சுகப்பிரியா என்று இருந்தது.
"அந்தக் காலத்து வேலையாளுங்கம்மா."
"எந்தத் தெருவுக்காரங்க?"

காற்றே இல்லை. தொப்பியைப் பிடித்துக்கொண்டேன்.
டெல்லியையும் சென்னையையும்
ஒரே மூச்சில் திட்டுகிற வாய்.
கார்க்காரர் கல்லைப் பார்த்தார்,
அப்புறம் என்னை.
"அதுக்குக் குறிப்பு இல்லைங்கம்மா.
பாத்து வாங்க, படி வழுக்கும்."

படி காய்ந்து கிடந்தது. சித்திரை வெயில்.

இங்கே பேசாதே என்று
நல்லசிவம் சொன்னதில்லை.
நோட்டில் ஒருத்தரும் எழுதியதில்லை.
ஏழு வருஷமாக இதே வாசலில்
இதே படி எனக்கு வழுக்கிக்கொண்டிருக்கிறது.

உச்சி வரைக்கும் வெறும் வரலாறு சொன்னேன்.
வரியைக்கூட விட்டுவிட்டேன்.
"அருமையாச் சொன்னீங்க, இப்படித்தான் சொல்லோணும்"
என்று கார்க்காரர் கை கொடுத்தார்.
சூடான, நல்ல கை.
அந்தப் பெண் சுனையோரம் உட்கார்ந்து
செருப்பில் ஏறிய முள்ளை
ஹேர்பின்னால் நோண்டிக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது அவளுக்கு ஒரு படி முன்னால் நடந்தேன்.
நாலாம் வாசல் போயிற்று.
மூன்றாம் வாசல்.
இறக்கம்தான், மூச்சு வாங்கவில்லை.
இரண்டாம் வாசல் நிழலில் நின்றேன்.
"அம்மிணி, மேல ஒண்ணு கேட்டீங்கல்ல."

பின்னால் கார்க்காரர் வந்துகொண்டிருந்தார்,
ஒவ்வொரு படியாக.