மற்றவை

ஐந்து ரோட்டில், பாலத்தின் இருபத்திரண்டாம் தூணடியில்
மூன்று நாள் வண்டி எண்ணும் வேலை.
நாளுக்கு நானூற்றைம்பது, டீ தனி.
காகிதத்தில் கட்டங்கள்:
கார். பஸ். லாரி. ஆட்டோ. டூவீலர்.
கடைசியில் ஒடுங்கலாக ஒன்று, மற்றவை.

"சைக்கிளை எதுல எழுதறது?"
சூபர்வைசர் லூர்துராஜ் பேப்பரில் பஜ்ஜியைப் பிழிந்தபடி
"அதான் இருக்கே, மாட்டுவண்டியோட" என்றார்.

மாட்டுவண்டி ஒன்றும் வரவில்லை.
சைக்கிள் வந்தது.
ஐந்தே முக்காலுக்குப் பேப்பர் பையன்கள்,
ஆறரைக்குப் பால்கேன்,
எட்டுக்குக் கொலுசுப் பட்டறைக்குப் போகிற இரண்டு பெண்கள்.
முன்னால் போகிறவள் கையைக் காட்டுவாள்,
பின்னால் வருகிறவள் கும்பிடுவாள்,
லாரியை.

நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து.
அவர்கள் ரோட்டைக் கடப்பதும் அப்படித்தான்.
நாலு பேர் சேரும்வரை ஓரமாக நின்று
ஐந்தாவது ஆள் வந்ததும்
குறுக்கே இறங்குவார்கள்.

வழியை எண்ணிப் பேர் வைத்த ஊர் இது.
மூணு ரோடு, நாலு ரோடு, அஞ்சு ரோடு.
செர்ரி ரோட்டில் செர்ரி கிடையாது, அது வேறு கதை.
எண்ணத் தெரிந்த ஊர்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம்
கேரியரில் கோணிமூட்டையோடு ஒருவர் தூண் நிழலுக்கு ஒதுங்கினார்.
பேர் மாதையன். மூட்டையில் பழைய டியூப்.
சூரமங்கலத்திலிருந்து அஸ்தம்பட்டிக்கு.
"நீங்க நிக்கற எடத்துல ரவுண்டானா இருந்துதுங்க.
சுத்தித்தான் போகணும், மந்திரி காரா இருந்தாலும்.
அதுக்கு முந்தி ஒரு போலீஸ், கொடைக்கு அடியில.
என்னைப் பார்த்தாக் கையை நீட்டி லாரிய நிறுத்துவாரு.
பாலம் வந்துது. காரு மேல ஏறிக்கிச்சு, நாங்க அடியில.
தூணுக்குப் பின்னாடி எது வருதுன்னு
தெரியறதுக்குள்ள வந்துடுது."
முழங்கையைத் திருப்பிக் காட்டினார்,
தார் நிறத்தில் ஒரு தழும்பு.

"என்னையும் எழுதிட்டீங்களா?"
எழுதினேன் என்றேன்.
எதில் என்று அவர் கேட்கவில்லை.
"போக ஒண்ணு, வர ஒண்ணு, ரெண்டாப் போட்டுக்குங்க."

புது வரைபடத்தை லூர்துராஜ் செல்போனில் காட்டினார்.
பச்சையாக ஒரு பட்டை, ஒன்றரை மீட்டர்.
அதில் ஹெல்மெட் போட்ட கம்ப்யூட்டர் பொம்மை ஒன்று
கேரியர் இல்லாத சைக்கிளில் சிரித்துக்கொண்டு போகிறது.
பட்டை தூண்வரை வருகிறது,
தூணுக்கு அந்தப்புறம் மறுபடி தொடங்குகிறது.
"நடுவுல?"
விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.
நடுவில் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றுக்குக் காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள்.
மற்றவை கட்டம் போதாமல் நான்
ஓரத்திலும் பின்பக்கத்திலும் கோடு போட்டிருந்தேன்.
"பின்பக்கத்தை யாரும் டைப் பண்ண மாட்டாங்க" என்றார்.

பையை மாட்டும்போது
தலைக்கு மேலே, பாலத்தில்,
லாரிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மணி.
துருவேறின ஒற்றை 'ணங்'.
மேலே நின்றால் ஏற்காட்டு விளக்குத் தெரியுமாம்.
மாதையன் சொன்னதுதான், பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

நின்று கேட்டேன்.
ஏறுகிறதா இறங்குகிறதா, பிடிபடவில்லை.
பேனா லூர்துராஜிடம் போய்விட்டது.
உள்ளங்கையில் நகத்தால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.