இரண்டாவது பெட்டி

காலை எட்டேகாலுக்கு முதல் சொல் போட்டேன்.
ஷோர். கரை.
இந்த ஊரில் இருந்துகொண்டு
வேறென்ன வரும் விரலில்,
முன்னால் துறைமுகம், முதுகுக்குப் பின்னால் கடல்.

ஐந்து பெட்டியில் நாலு பச்சை.
எஸ் சரி. ஓ சரி. ஆர் சரி.
கடைசியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்
ஈயும் சரி.
இரண்டாவது பெட்டி மட்டும்
பல் விழுந்த இடம்போல.

நாலு கிடைத்தால் ஐந்தாவது தானாக வரும்
என்கிறவர்கள்
இந்த விளையாட்டை ஆடிப் பார்த்ததில்லை.

ஸ்டோர். களஞ்சியம்.
சீனன்குடாக் காட்டுக்குள்
யாரோ யாருக்கோ எண்ணெய் சேர்த்துவைத்த
இரும்புத் தாங்கிகள்.
டீ இல்லை.

ஸ்நோர். குறட்டை.
உள்ளறையில் கனகசூரியம் ஐயா.
சமாதான நீதவான்.
ஆள் வராத நாளில் பத்து மணிக்கே
சமாதானமாகிவிடுவார்.
என்னும் இல்லை.

ஸ்போர். இதற்கு அகராதி பார்த்தேன்:
காளானும் பூஞ்சணமும் காற்றில் விடும் வித்துத் தூள்.
மார்கழி மழை போய் மாதம் இரண்டாகியும்
கோப்பு அலுமாரிக்குப் பின்சுவரில்
கறுப்பாய் ஏறிக்கொண்டிருப்பதற்கு
இன்றுதான் பெயர் தெரிந்தது.
பீ இல்லை.
நல்லகாலம், சத்தமாய்ச் சொல்லவில்லை.

காணிக் கந்தோரிலிருந்து ஹிதாயாவின் செய்தி:
மூன்றிலேயே முடித்தாளாம்.
கூடவே ஒரு தயிர்ச்சட்டியின் படம்,
கிண்ணியாக்காரியின் கொண்டாட்டம்.

ஸ்கோர். புள்ளி.
கீறல் என்றும் பொருள், இருபது என்றும் பொருள்.
சீ இல்லை.

ஒரே ஒரு தடவை மிச்சம் இருக்கும்போது
அந்த அம்மா வந்தார்.
பாலையூற்று பஸ், வியர்வை, துணிப்பை,
பைக்குள் இரண்டு பேர்.
பிறப்புப் பத்திரத்தில் சீ போட்ட கத்தரீனா.
அடையாள அட்டையில் கே போட்ட கத்தரீனா.
மா ஆலையில் மூட்டை சுமந்து இறந்த புருஷனின்
சேமலாபப் பணம்
சீயின் பெயரில் கிடக்கிறதாம்,
கே வந்து கேட்டால் கொடுக்கமாட்டார்களாம்.

'ரெண்டும் நான்தான் பிள்ளை, எழுதித் தா.'

தமிழில் இரண்டுக்கும் ஒரே க.
அதைச் சொல்லி என்ன,
கொழும்பு இங்கிலீஷில் கேட்கிறது.

முதல் தாளில் நானே பிழைவிட்டேன்.
இரண்டிடத்திலும் சீ விழுந்துவிட்டது.
அப்படியே கையெழுத்து வாங்கியிருந்தால்
நான் நானே என்று மட்டும்
சத்தியம் செய்திருப்பார் அந்த மனிசி.
கசக்கி வெளியே எறிந்தேன்.
வாசலில் நின்ற புள்ளிமான்
முகர்ந்து பார்த்துவிட்டு மென்றது.
எங்கள் ஊர் மான்கள் பஸ் நிலையத்தில் வளர்ந்தவை,
எந்த எழுத்தையும் தின்னும்.

இரண்டாவது தாள்.
சைவக்காரர் என்றால் 'உறுதி கூறினார்' என்று அடிப்பேன்.
வேதக்காரர், ஆகையால் 'சத்தியம் செய்தார்'.
ஸ்வோர்ன்.
அடித்த விரல் அங்கேயே நின்றது.

கடைசி என்னை எடுத்துவிட்டு
அந்த இடத்தில் ஈயை உட்காரவைத்தால்.

ஒன்பது வருடமாய்
நாளுக்கு ஏழெட்டுத் தடவை அடிக்கிற சொல்.
காளான்வரை போய்த் தேடியிருக்கிறேன்.

ஸ்வோர். ஆணையிட்டார்.
வாய்க்கு வந்தபடி திட்டினார் என்றும் பொருள்.
ஐயா எழுந்து முகம் கழுவி வந்து
வேதப்புத்தகத்தை நீட்ட,
வலதுகையை அதில் வைத்துக்கொண்டே
கத்தரீனா அம்மா அட்டை அடித்தவனின் பரம்பரையை
ஒருமுறை விசாரித்தார்.
ஒரே மூச்சில் இரண்டு பொருளும்.

கையெழுத்து எங்கே என்றார்.
புள்ளிக்கோட்டைக் காட்டினேன்.
தமிழில் வைத்தார்.
க கொஞ்சம் பெரிதாக, கோட்டுக்கு மேலே ஏறி.

ஐயா முத்திரை குத்தினார்.
போனை எடுத்து டபிள்யூ போட்டேன்.
ஐந்தும் பச்சை. ஹிதாயாவுக்கு அனுப்பவில்லை.

கட்டணம் ஐந்நூறு என்றேன்.

மறுபடியும் செய்தார்,
இம்முறை இரண்டாவது பொருளில் மட்டும்.