இறக்கும் பொத்தான்

தம்பேரே நகரில் நவம்பர்;
மூன்றரைக்கே இருட்டு.
பாலத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே
எத்தனை பேரைக் கொல்ல வைப்பதென்று
நானும் யொர்மாவும்
இரண்டு வாரமாய் வழக்காடுகிறோம்.

தொண்ணூறு நொடிக்கொரு சண்டை என்கிறான்,
இல்லையேல் கை தூங்கிவிடுமாம்.
நான் நாற்பது நாள் செலவழித்தது
ஒரு சமையலறைக்கு:
ஈரக் கையுறை, பாதி உரித்த உருளைக்கிழங்கு,
கதவுச் சட்டத்தில்
யாரோ ஒரு பிள்ளையின் உயரக் கோடுகள்.
எல்லோரும் அதை ஓடியே கடந்தார்கள்.

இன்று ஆட்டத்தைச் சோதிக்க வந்தவர்
டிராம் ஓட்டுநர் ஓஸ்மோ.
முற்றத்தில் ஆறு பேரையும் சுட்டார். ஒரு குறிகூடத் தப்பவில்லை.
உள்ளே நுழைந்தார். நின்றார்.
நான்காவது கோட்டருகே குனியப் பார்த்தார்;
துப்பாக்கி முனை
கோடுகளை மறைத்துக்கொண்டேயிருந்தது.

"இதைக் கீழே இறக்க எந்தப் பொத்தான்?"

சுட, குத்த, உருள, எறிய,
கழுத்தை நெரிக்கக்கூட ஒன்று உண்டு.
இதற்கு வைக்கவில்லை.

யொர்மா என் பக்கம் திரும்பவில்லை.
எட்டு மணிக்கு நான் கிளம்பும்போது
அவன் திரையில் ஒரு கை மட்டும்
தாழ்ந்தது.
"ரொம்ப வேகம்" என்று முனகி
மறுபடி உயர்த்தினான்.