மூன்றாம் எண் ஆய்வகம்

சதாக்லோ எல்லையில்
பிப்ரவரிப் பனி சேறாகிக் கிடந்த காலை.
கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்
என் கைபேசியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
"தொற்று இல்லை" என்று அதில் பச்சையாய் எரிந்தது.
அவருக்கு அது வெறும் வெளிச்சம்.

காகிதம் வேண்டும்.
காகிதத்தில் முத்திரை வேண்டும்.
வட்டமாக, நீல மையில்,
பட்டியலில் உள்ள ஆய்வகத்தின் முத்திரை.

பட்டியல் அவர் முதுகுக்குப் பின்னால்
டேப் உரிந்து ஒரு மூலை சுருண்டு தொங்கியது.
இத்தாலியிலிருந்து வருகிறீர்களா என்று
எல்லோரையும் கேட்டார்களே,
அந்தக் காலத்துத் தாள்.

அந்த விதி போன மாதமே போய்விட்டது என்றேன்.
"விதி போயிருக்கலாம்.
பட்டியல் போகவில்லையே" என்றார்.
கோபமில்லை.
பழைய பியானோவின் கடைசிக் கீழ்க்கட்டைபோல
அரை சுருதி இறங்கிய குரல்.

நான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன்.
எரெவானில் ஒரு பள்ளிக்கூடம்
இரண்டு வருடம் பூட்டிக் கிடந்து திறந்திருக்கிறது.
ஈரம் குடித்து ஊதிய கட்டைகள்,
அழுத்தினால் எழாத நடு ஸ்வரம்.
"பிள்ளைகள் அந்த ஒன்றை விட்டுவிட்டே
பாடப் பழகிவிட்டார்கள், சீக்கிரம் வாருங்கள்"
என்று எழுதியிருந்தாள் ஷுஷானிக் டீச்சர்.

முதல் ஆய்வகம் திபிலிசியில்.
இரண்டாவதன் பெயரை வெயில் தின்றுவிட்டது.
மூன்றாவது மார்னெவுலி,
பேருந்து நிலையத்துக்குப் பின்சந்து.

சந்தில் ஆய்வகம் இல்லை.
சலூன் இருந்தது.
உள்ளே ஷாம்பூ வாசனை,
தலை நிறைய சாயத்தோடு
சூரியகாந்தி விதை கொறிக்கும் ஒருத்தி.
கடைக்காரி ஸரிஃபா
என் பெட்டியைப் பார்த்தாள், ஈரச் செருப்பைப் பார்த்தாள்.
"முடியா, முத்திரையா?" என்றாள்.

"அவர்கள் கோடையிலேயே காலி செய்துவிட்டார்கள்.
இழுப்பறையில் இது மட்டும் கிடந்தது.
வந்தவர்களையெல்லாம் முதலில் விரட்டினேன்.
மாதுளை லாரிக்காரன் ஒருவன்
படியிலேயே உட்கார்ந்துவிட்டான்,
அவன் பழம் அழுக அழுக.
அமைச்சகத்துக்குப் போன் போட்டேன்.
மணி அடித்தது.
இன்னமும் அடித்துக்கொண்டுதான் இருக்கும்."

எவ்வளவு என்று கேட்டேன்.
"முத்திரைக்குக் காசு வாங்கினால் குற்றம்.
முடிக்கு வாங்கினால் தொழில்."

உட்கார்ந்தேன்.
கழுத்தைச் சுற்றித் துணி.
இரண்டு வருடமாக நானே கண்ணாடி பார்த்து
வெட்டிக்கொண்ட தலையை
"யார் செய்த பாவம் இது" என்றபடி சரிசெய்தாள்.

பிறகு கை துடைத்து, மூக்குக்கண்ணாடி தேடி,
என் கைபேசியை ஜன்னலோரம் கொண்டுபோய்
படித்தாள்.
உதடு அசைய,
பெயர், பிறந்த தேதி, சளி எடுத்த நாள், மணி.
பாஸ்போர்ட்டை வாங்கி
மறுபடியும் முதலிலிருந்து.

"ஜனவரியில் ஒருவன்
'உண்டு' என்பதை விரலால் மறைத்து நீட்டினான்.
விரலை எடு என்றேன்.
ஒன்பது நாள் மாடியறையில் கிடந்தான்.
கதவுக்கு வெளியே சூப் வைத்துவிட்டு
தட்டிவிட்டு ஓடிவருவேன்.
பாவம், முடி பாதிதான் வெட்டியிருந்தது."

சாயம் பூசியவள் சிரித்தாள்,
விதைத்தோல் தெறிக்க.

தட்.
கட்டை மேசையில் முத்திரை விழுந்த ஓசை.
என் காது சும்மா இருக்காது,
இவ்வளவு சுத்தமாக ஒரு சத்தம்
அன்று முழுக்க நான் கேட்டிருக்கவில்லை.

சாயங்காலம்
அதே கண்ணாடி, அதே ஆள்.
தாளை விளக்கில் தூக்கிப் பிடித்தார்.
வட்டம் வட்டமாக இருக்கிறதா என்று பார்த்தார்.
பெயரைப் படிக்கவில்லை. தேதியைப் படிக்கவில்லை.
மையில் ஒட்டியிருந்த ஒற்றை நரைமுடியில்
கண் நின்றது.

"இது?"
"என்னுடையது."

ஊதிவிட்டார்.
தன் காதோரத்தை ஒருமுறை தடவிக்கொண்டு
தாழ்ந்த குரலில் கேட்டார்,
"ஞாயிற்றுக்கிழமை அவளிடம்
கூட்டம் இருக்குமா?"